தட்டோடு மாடி ஏறும் பெண்

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. பிறந்து வளர்ந்தது எல்லாம் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில். ஏ.எஃப்.எஸ். என்ற மாணவர் பரிமாற்ற அமைப்பு மூலம் ஒரு வருடத்துக்கு ஆகஸ்ட் கடைசியில் ஜப்பான் போனாள். நீகாட்டாவில் ஒரு வீட்டில் தங்கி, அங்கிருக்கும் மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். இரண்டு மாதமாகியும் ஒரு தோழி கிடையாது. பாடம் பாதி புரியவில்லை. தினமும் வகுப்பறையைப் பெருக்கித் துடைக்க வைக்கிறார்கள். பள்ளி விட்டதும் நடக்கும் கிளப் ஒன்றில் சேரலாம் என்றால், அது முடிந்து ரயில் பிடித்து வீடு வர ஏழரை ஆகிவிடுமாம். நான் ஆபீஸ் கிளம்பும் முன் காலை ஆறு மணிக்குத் தினமும் கூப்பிடுவேன், தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய் என்னோடு பேசிக்கொண்டே சாப்பிடுவாள். அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கு ஆறுதல். இவ்வளவு பணம் கட்டி இந்தக் கஷ்டம் தேவையா? கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா? முறுக்கும் பருப்புப் பொடியும் அனுப்பினால் கொஞ்சம் தெம்பாக இருப்பாளா?
- ஒரு அம்மா, நியூ ஜெர்சி

பதில்: இந்தக் கடிதம் எனக்குப் பழக்கமானதுதான். சில சமயம் ஜெர்மனி, சில சமயம் சிலி, ஒரு தடவை எழுதியவர் அப்பா, மற்றபடி எல்லாம் ஒன்றுதான், எல்லாவற்றிலும் அந்த 'ஆறுதல்' வந்துவிடும். அதனால் போகப் போகச் சரியாகிவிடும் என்றெல்லாம் நான் ஆரம்பிக்கப் போவதில்லை. போகிற போக்கில் ஒரு தட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் பேச வேண்டும்.

உங்களுக்குக் காலை ஆறு என்றால் அங்கே இரவு ஏழு. வேலைக்குப் போனவர், பள்ளிக்குப் போனவர் எல்லாம் வீடு திரும்பி, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, கைகூப்பி 'இததாகிமாசு' என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பிக்கிற நேரம். அப்போதுதான் உங்கள் மகள் சோற்றுக் கிண்ணத்தையும் மிசோ சூப்பையும் தட்டில் வைத்துக்கொண்டு எழுந்து போகிறாள், ஒருநாள் இரண்டுநாள் இல்லை, தினமும். ஏம்மா, உங்கள் வீட்டில் ஒரு வருடம் தங்கிப் படிக்க வந்த பெண் இதைச் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? திமிர் என்று சொல்லியிருக்க மாட்டீர்களா? அந்த வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை என்பதால் அவருக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

பணம் கட்டியிருக்கிறோம் என்கிறீர்கள். யாருக்குக் கட்டினீர்கள்? ஏ.எஃப்.எஸ்.ஸில் பிள்ளையைத் தங்கவைக்கும் குடும்பம் அதற்காகச் சம்பளம் வாங்குவதில்லை. யுத்தத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டிய அமெரிக்கர்கள், இனி பிள்ளைகளாவது ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டு வளரட்டும் என்று 1947-ல் தொடங்கிய காரியம் இது, இன்றைக்கும் அந்த வீடுகளை நம்பித்தான் நடக்கிறது. நீங்கள் கட்டியது டிக்கெட்டுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் மற்ற ஏற்பாடுகளுக்கும் போயிருக்கும். சோறு அந்தம்மா போடுவது. கைம்மாறாக அவர் பார்த்தது, மேஜையில் ஒரு நாற்காலி நிறையும் என்பதைத்தான், அதையும் தினம் ஏழு மணிக்கு நீங்கள் காலி பண்ணிவிடுகிறீர்கள்.

அடுத்தது அந்த கிளப். கிளப் முடிந்து வந்தால் ஏழரை. உங்கள் போன் ஏழுக்கு. இந்த இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதிவிட்டு, தோழி ஏன் இல்லை என்று என்னிடம் கேட்கிறீர்கள்! அமெரிக்கப் பள்ளியில் மணி அடித்தால் பிள்ளைகள் வகுப்பு மாறுவார்கள், லாக்கர் பக்கத்தில், கேன்டீனில் நாலு பேரைப் பார்ப்பார்கள். ஜப்பானில் பெரும்பாலும் வகுப்பு உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும், ஆசிரியர்தான் மாறி மாறி வருவார். நாற்பது பேர் வரை இருக்கும் அந்த அறையில் ஏப்ரலிலேயே, அங்கே கல்வியாண்டு அப்போதுதான் தொடங்கும், யாருக்கு யார் என்று முடிவாகியிருக்கும். ஆகஸ்டில் வந்து இறங்கிய பெண்ணுக்கு, அதுவும் பாஷை தெரியாத பெண்ணுக்கு, உள்ளே நுழைய மூன்றரை மணிக்கு மேல்தான் கதவு திறக்கும். டென்னிஸோ, பிராஸ் பேண்டோ, தேநீர் விழாவோ, எதுவோ ஒன்று. பந்து பொறுக்கிப் போடுவதற்கு எவ்வளவு ஜப்பானிய மொழி வேண்டும்? அவளோ உங்கள் போனுக்காக நாலு மணி ரயிலில் வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.

வகுப்பறை துடைப்பதை ஒரு புகாராக எழுதாதீர்கள், எனக்குக் கோபம் வரும். வாசலிலேயே வெளிச் செருப்பைக் கழற்றி, உள்ளே போடும் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கிற பள்ளி அது. பெஞ்சை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கி, ஈரத்துணியால் துடைத்து, கால்மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போவார்கள், முறை வந்தால் டாக்டர் மகனும் துடைப்பான். உங்கள் மகளுக்கு மட்டும் என்ன? உண்மையில் அந்தத் துணியைப் பிழிகிற நேரத்தில்தான் பக்கத்தில் நிற்கிறவள் ஏதாவது கேட்பாள்.

பாடம் புரியாதது நிஜமான கஷ்டம்தான், அது மெதுவாகத்தான் தீரும். ஆனால் பாஷை பிள்ளைகளுக்கு எங்கே வரும்? சாப்பாட்டு மேஜையில் வரும். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா", "இன்றைக்கு மழையா", இதெல்லாம்தான் பாஷை. அங்கே வெளியே கிளம்புகிறவர் 'இத்தெகிமாசு' என்பார். அர்த்தம் என்ன தெரியுமா, 'போய்விட்டு வருகிறேன்'. நம் வீட்டில் சொல்வதே, அட்சரம் பிசகாமல்! உங்கள் நியூ ஜெர்சி எடிசன் ஊர்க் கடைத்தெருவில் அதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வீர்கள், பை என்பதைத் தவிர? உங்கள் மகள் அதைத் தினமும் காலையில் சொல்கிறாளா என்று கேட்டுப் பாருங்கள்.

அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு ஆறுதல் என்கிறீர்கள். உங்களுக்கு என்று எழுதியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். உங்கள் வீட்டில் அவள் அறை காலியாகக் கிடக்கிறது, காலையில் ஆறு மணிக்கு அது பொறுக்க முடியாததாக இருக்கும், தெரிகிறது. அதை நீங்கள்தான் பொறுக்க வேண்டும், அவள் சுமக்கக் கூடாது. பிள்ளையை ஒரு வீட்டில் விட்ட பிறகு அந்த வீட்டுக்கு விட்டுக்கொடுப்பது பெற்றவளின் கடமை என்று நான் நினைக்கிறேன், சோறு ஊட்டியதைப் போலவே.

நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுவார்கள், அப்புறம் உங்கள் ஆறு மணி அங்கே எட்டு. அவள் நிம்மதியாகச் சாப்பிட்டு முடித்திருப்பாள். ஆனால் உங்களைப் போன்றவர்கள் அதற்காக ஐந்துக்கு அலாரம் வைப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். வைக்காதீர்கள். சனிக்கிழமை இரவு உங்களுக்கு ஒன்பது ஆகும்போது அங்கே ஞாயிறு பகல், வாரம் ஒருமுறை அப்போது பேசுங்கள், அரை மணி போதும். முதல் வாரம் அழுவாள், அதற்காகத் திங்கட்கிழமை கூப்பிட்டுவிடாதீர்கள். உடம்புக்கு முடியவில்லை, அந்த வீட்டில் ஏதாவது தப்பாக இருக்கிறது என்றால் அது வேறு விஷயம், அன்றைக்கே அங்குள்ள பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். மற்றபடி கூட்டிக்கொண்டு வர வேண்டாம்.

முறுக்கு அனுப்புங்கள், தாராளமாக. ஆனால் பார்சலில் மகள் பெயரை எழுதாதீர்கள், அந்தம்மா பெயரை எழுதுங்கள். அவர் அதைப் பிரித்து மேஜை நடுவில் வைக்கட்டும். இது என்ன, எப்படிச் சுடுவது என்று அவர் கேட்பார், பதில் சொல்ல உங்கள் மகள் அங்கே உட்கார்ந்தாக வேண்டும்.