ஓபன் பேக் ஹெட்போன்: ஹெச்டி 600, டிடி 990 ப்ரோ, கே 702 இதுல வீட்ல மிக்ஸ் பண்ண எது நல்லது?

கேள்வி கேட்டவரு வீட்ல வச்சு மிக்ஸ் பண்றாராம், சென்ஹைசர் ஹெச்டி 600, பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, ஏகேஜி கே 702 மூணுல எது சவுண்டும் நல்லா இருக்கும், மணிக்கணக்கா மாட்டிருந்தாலும் வலிக்காதுன்னு கேட்ருக்காரு. ஏற்கனவே வந்த பதில் எல்லாம் படிச்சேன், கிராஃப் போட்ருக்காய்ங்க, ஓம் (ஹெட்போனோட மின்தடை) கணக்கு போட்ருக்காய்ங்க, ஆனா என்ன மாதிரி இசைய மிக்ஸ் பண்ணப் போறீங்கன்னு ஒருத்தரும் கேக்கல. அதான் எழுத உக்காந்துட்டேன்.

உங்க ரூம் என் ரூம் மாதிரிதான் இருக்கும்னு நினைக்கிறேன். மாடில ஒரு அறை, மேல ஃபேன், பக்கத்து அறைல தூங்குற வீட்டாளுக, ஸ்பீக்கர்ல சத்தமா வைக்க வழியில்ல. நான் மதுரைல நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு ரெக்கார்டிங், மிக்ஸிங் பண்றேன், பெரும்பாலும் நையாண்டி மேளம். "மானிட்டர் ஸ்பீக்கர் இல்லாம மிக்ஸிங்கா"ன்னு கேக்க சில பேரு ரெடியா இருப்பீங்க, தெரியும். என்கிட்ட ஸ்பீக்கரும் இருக்கு. ஆனா பங்குனி, சித்திரைன்னு வந்துட்டா தெருவுக்குத் தெரு குழாய் ஸ்பீக்கர் கட்டிருவாங்க, அது அடங்கி ராத்திரி வேலைக்கு உக்காந்தா ஹெட்போன்தான், அந்த நேரத்துக்கு வேற வழி கிடையாது.

ஓபன் பேக்குன்னா கப்போட பின்பக்கம் வலை. உள்ள சத்தத்த உண்டாக்குற டிரைவர் பின்னால தள்ளுற காத்தும் சத்தமும் வெளிய போயிரும், மூடுன கப்புல அது உள்ளயே முட்டித் திரும்பி வந்து பேஸ ஊத வைக்கும், காதையும் வேக வைக்கும். கத்திரி வெயில்ல ரெக்சின் பேட் போட்ட குளோஸ்ட் பேக்க மாட்டிப் பாருங்க, கொஞ்ச நேரத்துல கன்னத்தோட ஒட்டிக்கிட்டு வேர்வை வடியும். அதனால நம்ம ஊருக்கு வெல்வெட் பேட் போட்ட ஓபன் பேக்தான் சரி. ஆனா உள்ள கேக்குறது வெளியயும் கேக்கும், பாடுறவங்க காதுல மாட்டி ரெக்கார்ட் பண்ணா மைக்ல ஏறிரும், அதுக்கு இது ஆகாது. வெளிச் சத்தமும் அப்படியே உள்ள வரும். ஃபேன் ஓடுச்சுன்னா நாயனத்துல மூச்சு எடுக்குற இடம், ரிவெர்ப் (எதிரொலி) அடங்குற வால் எதுவுமே தெரியாது, கடைசியா ஒருவாட்டி கேக்குறப்ப ஃபேன நிறுத்திட்டுக் கேளுங்க.

இப்ப என் கதைக்கு வர்றேன். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு செட்டோட வாசிப்ப பதிவு பண்ணோம். ரெண்டு நாயனம், ரெண்டு தவில், பம்பை, உறுமி. மிக்ஸ் முடியுற நேரம் நாயனக்காரப் பெரியவர வரச் சொல்லி கேக்க வச்சேன், ஏன்னா அந்தச் சத்தத்துக்கு அவர்தான் நீதிபதி. முதல்ல டிடி 990. மாட்டுன உடனே மெத்துன்னு இருக்குன்னாரு, அது உண்மை, அந்த வட்ட பேட் காத முழுசா உள்ள வாங்கிக்கும், புதுசுலயே சுகமா இருக்கும். ஆனா பாட்டு ஓட ஓட முகம் சுருங்குச்சு. "தம்பி, இது என் சீவாளி இல்லையே, கீச்சுங்குது"ன்னாரு (சீவாளின்னா நாயனத்துல வாய் வச்சு ஊதுற நாணல் துண்டு). அந்த ஹெட்போன்ல 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சுச் சத்தம் இருக்குற ட்ரெபிள்ல, ஒரு ஏத்தம் இருக்கு, தவில்ல விரல் கூடு போட்டு வலந்தலைல (வலது பக்கத் தோல்ல) அடிக்கிற அடி, ஜால்ரா எல்லாம் ஊசி மாதிரி குத்தும். அத நம்பி ட்ரெபிள குறைச்சீங்கன்னா வெளிய எந்த ஸ்பீக்கர்ல போட்டாலும் மங்கிப் போய்க் கெடக்கும்.

அடுத்து ஹெச்டி 600 குடுத்தேன். கேக்க ஆரம்பிச்சதும் கண்ண மூடிட்டாரு, விரல் தொடைல தாளம் போடுது. "ஆமா, இதுதான் நான்"னாரு. எனக்கு அன்னைக்கு வந்த சந்தோசம் சொல்லி முடியாது. மனுசக் குரல், நாயனம் மாதிரி நடு சுரத்துல உயிர் இருக்குற சத்தத்துக்கு 1997ல வந்த இந்த மாடல இன்னிக்கும் ஆளுக விடாம வச்சிருக்காங்கன்னா காரணம் அதுதான். ஆனா கொஞ்ச நேரத்துல ரெண்டு கப்பையும் கையால விலக்கிப் பிடிச்சாரு. காதுல கடுக்கன் போட்டவரு, புது ஹெச்டி 600 அப்படி இறுக்கும், கடுக்கன் அமுங்கி வலிச்சிருக்கு. கண்ணாடி போடுறவங்களுக்கும் இதே கஷ்டம். மூணு ஹெட்போனுமே 250 கிராம் பக்கம்தான், எடைய வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க, பிடிதான் விசயம். சத்தம் சரியா இருந்து பிடி வலிச்சா நீங்க ரெண்டாவது மணி நேரம் எடுக்குற முடிவு எல்லாம் அவசர முடிவாத்தான் இருக்கும், இத நான் அடிச்சுச் சொல்லுவேன். ஹெட்போனோட அகலத்துக்கு ஒரு பெட்டிய உள்ள குடுத்து ராத்திரி பூரா வச்சிருங்க, சில நாள்ல தளர்ந்துரும், ஆனா ரொம்பத் தளர விட்டா பேட் சரியா உக்காராது, இருக்குற பேஸும் போயிரும்.

ஹெச்டி 600ல குறையே இல்லன்னு சொல்ல மாட்டேன். அடி பேஸ் கம்மி. உறுமிய குச்சியால உரசுறப்ப வர்ற அந்த அடித்தொண்டை முனகல், தவில்ல குச்சியால அடிக்கிற தொப்பிப் பக்கத்துக் கனம் ரெண்டையும் இத மட்டும் வச்சு அளக்காதீங்க, கம்மியா இருக்கேன்னு ஏத்தி விட்ருவீங்க. அத ஸ்பீக்கர்ல பாத்துக்கங்க.

கே 702 நண்பர்கிட்ட வாங்கி ஓட்டிருக்கேன். மைதானத்துல நின்னு கேக்குற மாதிரி அகலமா கேக்கும், எதெது எங்க நிக்குதுன்னு தெளிவா தெரியும், பேஸ் ஒல்லி. காத இறுக்கவே இறுக்காது, ஆனா குனிஞ்சா நழுவும், பழைய செட்டுல தலைப்பட்டைல மேடு மேடா இருக்கும், உச்சந்தலைல அழுத்தும். எனக்கு ஒத்து வரல.

பேஸுன்னதும் ஒண்ணு சொல்லாம போக முடியல. அந்த மேளத்த ஏத்துன சேனல்காரங்க நான் குடுத்த மிக்ஸ அப்படியே போடல, கீழ கிக் டிரம் ஒண்ணச் சேத்து எல்லாத்தையும் ஏத்தி விட்டுட்டாங்க. அதக்கூட விட்ருவேன். வாசிச்ச ஒருத்தர் பேரு கூட வீடியோல இல்ல. எடிட் பண்ணவர் பேரு இருக்கு, ஸ்பான்சர் பேரு பெருசா இருக்கு, ராத்திரி முழுக்க நின்னு வாசிச்ச ஆளுக பேரப் போட ஒரு வரி கிடைக்கலையா? கேட்டதுக்கு "மக்கள் அதெல்லாம் பாக்க மாட்டாங்க"ன்னாங்க. இப்ப நான் பேர எழுதிப் போடுவோம்னு ஒத்துக்கிட்டாத்தான் ஃபைலையே குடுக்குறது.

சரி, உங்க விசயம். குரல், நாயனம், வயலின் இதான் உங்க வேலைன்னா ஹெச்டி 600. எலெக்ட்ரானிக் பீட்டு, எடிட்டிங், க்ளிக் சத்தம் பிடிக்கிற வேலைன்னா டிடி 990 ப்ரோ, சுகமும் அதுல கூடத்தான், ஆனா சுருள் கேபிள் கழட்ட வராது, தொங்கிக்கிட்டு ஒரு பக்கமா இழுக்கும். ஹெச்டி 600 300 ஓம், டிடி 990ல பரவலா விக்கிறது 250 ஓம், கே 702 62 ஓம். ஓம் கூடுனா ஓட்ட வோல்டேஜ் கூட வேணும், அதனால போன்ல நேரா குத்துனா முதல் ரெண்டும் சன்னமாத்தான் கேக்கும், அத வச்சு ஹெட்போன் மோசம்னு திட்டாதீங்க. முடிஞ்சா வச்சிருக்கவங்க யார்கிட்டயாவது போய் அரை மணி நேரமாவது மாட்டிப் பாருங்க, ரெண்டு நிமிசத்துல பிடி தெரியாது.

உங்க இன்டர்ஃபேஸ் (கம்ப்யூட்டர்ல மைக், ஹெட்போன் மாட்டுற ஆடியோ பெட்டி) என்ன மாடல்னு கமெண்ட்ல போடுங்க, 300 ஓமுக்குத் தாங்குமான்னு பாத்துச் சொல்றேன்.