மறு: மனச்சோர்வைக் கண்டறியும் மாதிரி புதிய பயனர்களிடம் தடுமாறுவது ஏன்?

வணக்கம். மனச்சோர்வு இருப்பதாகத் தாமே அறிவித்தவர்களின் சமூக ஊடகப் பதிவுகளைக் கொண்டு பயிற்றுவித்த கணினி மாதிரி (நோய் இருக்கிறதா என்று எழுத்தைக் கொண்டு கணிக்கும் நிரல்), சோதனையில் 94 விழுக்காடு துல்லியம் காட்டிவிட்டுப் புதியவர்களிடம் தடுமாறுவதாக எழுதியிருக்கிறீர்கள்.

நான் முதலில் ஐயுறுவது தரவைப் பிரித்த விதத்தைத்தான். பதிவு வாரியாகப் பிரித்திருந்தால், ஒரே நபரின் பதிவுகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்து, மாதிரி நோயின் அறிகுறிகளுக்குப் பதிலாக அந்த நபரின் எழுத்து நடையையே கற்றிருக்கும். ஆகவே பயனர் வாரியாகப் பிரியுங்கள். விடையை நேரடியாகக் காட்டிக்கொடுக்கும், நோயை அறிவிக்கும் வாக்கியங்களையும் மருந்துப் பெயர்களையும் நீக்கிவிட்டு மீண்டும் பயிற்றுவியுங்கள். துல்லியம் சரியும், சரியட்டும். 683 பேரின் ஃபேஸ்புக் பதிவுகளை அவர்களின் ஒப்புதலோடு மருத்துவப் பதிவேடுகளுடன் ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்விலேயே, ஆர்ஓசி வளைவின் கீழ்ப்பரப்பு (நோயுற்றோரையும் மற்றோரையும் பிரிக்கும் திறனின் அளவு; 0.5 என்றால் வெறும் ஊகம், 1 என்றால் முழுச் சரி) ஏறத்தாழ 0.7தான்.

மனச்சோர்வு இருப்பதாக மாதிரி கணிப்பவர்களைப் பற்றி எச்சரிக்கை அனுப்பும் உங்கள் திட்டம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஆயிரம் பேரில் 50 பேருக்கு நோய் இருப்பதாகவும், நோயுற்றோரையும் மற்றோரையும் மாதிரி 90 விழுக்காடு சரியாகப் பிரிப்பதாகவும் கொண்டால், 45 பேரைச் சரியாகப் பிடிக்கும்போதே நலமாக இருக்கும் 95 பேரையும் அது சுட்டிக்காட்டும். ட்விட்டர் பதிவுகளைக் கண்காணித்து, பின்தொடர்வோருக்கு எச்சரிக்கை அனுப்பிய 'சமாரிட்டன்ஸ் ராடார்' என்ற பிரிட்டன் செயலி, கண்காணிக்கப்பட்டவர்களின் ஒப்புதலைப் பெறாததால் எழுந்த எதிர்ப்பில், 2014இல் தொடங்கிய சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. முன்வந்து ஒப்புதல் தந்தவர்களின் பதிவுகளை மட்டும் ஆராய்ந்து, முடிவை அவர்களுக்கே காட்டுவதாகத் திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள். உளநல மருத்துவர் ஒருவரை இப்போதே குழுவில் சேர்த்துக்கொள்வதும் நல்லது.