மூளைக்குள் இருக்கும் கருவி யாருடையது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உடலின் எல்லை தோலோடு முடிவதில்லை, மனிதன் கருவியோடு கலந்தே ஆளாகிறான் என்கிறார்கள் போஸ்ட்ஹியூமன் சிந்தனையாளர்கள். எனக்கு அச்சமாக இருக்கிறது. மூளைக்குள் கருவி வைத்தபின் அவர் அதே மனிதர்தானா? இதில் அறம் எங்கே வருகிறது?

எம்

அன்புள்ள எம்,

அதே மனிதராக இருக்க மாட்டார்தான். ஒரு நீண்ட நோய்கூட ஆளை மாற்றிவிடுகிறது, அதற்காக யாரும் பதறுவதில்லை. எனக்கு உறுத்துவது வேறு: அப்படி மாறியவரிடமிருந்து கருவியைத் திரும்பப் பிடுங்கலாமா?

பிடுங்கியிருக்கிறார்கள். நியூரோவிஸ்டா என்ற அமெரிக்க நிறுவனம் 2010 வாக்கில் ஆஸ்திரேலியாவில் வலிப்பு நோயாளிகள் 15 பேருக்கு ஒரு கருவியைப் பொருத்திச் சோதித்தது. மூளையின் மேற்பரப்பில் மின்முனைகள், மார்புத் தோலுக்கடியில் சமிக்ஞை அனுப்பும் பெட்டி, வெளியே கையடக்கமான ஒரு கருவி. வலிப்பு வர வாய்ப்பு அதிகம் என்றால் சிவப்பு விளக்கு, குறைவு என்றால் நீலம். சிறுவயதிலிருந்தே வலிப்போடு வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு அந்த விளக்கு பயமில்லாத வாழ்க்கையைக் கொடுத்தது. பிறகு நிறுவனத்திடம் பணம் தீர்ந்தது. கருவியை எடுத்தாக வேண்டும் என்றார்கள். நாங்களே விலைக்கு வாங்கிக்கொள்கிறோம், வீட்டை அடமானம் வைக்கிறோம் என்று அவரும் கணவரும் கேட்டுப்பார்த்தார்கள். நடக்கவில்லை.

தாஸ்மானியா பல்கலைக்கழகத்தின் அறவியலாளர் ஃபிரடெரிக் கில்பர்ட் அந்தப் பெண்ணிடம் பின்னர் விரிவாகப் பேசியிருக்கிறார். கருவியும் தானும் ஒன்றாகிவிட்டதாகவும், அது போனபோது தன்னையே இழந்ததாகவும் அவர் சொன்னார். இதை மனித உரிமை மீறலாகவே பார்க்கலாம் என்று கில்பர்ட்டும் சக ஆய்வாளர்களும் 2023-ல் எழுதினார்கள்.

பார்வையிழந்தவர்களுக்கு ஓரளவு பார்வை தருவதற்கான ஆர்கஸ் 2 விழித்திரைக் கருவியில் இதற்கு நேர்மாறாக நடந்தது. கருவி கண்ணுக்குள்ளேயே இருக்க, தயாரித்த நிறுவனம் அதைக் கைவிட்டது. பொருத்திக்கொண்டவர்கள் 350 பேருக்கு மேல்.

நீங்கள் குறிப்பிடும் சிந்தனையாளர்கள் எல்லையைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அதைக் கொண்டாடிய வேகத்தில் சொத்துரிமையை மறந்துவிட்டார்கள் என்பது என் குறை. சிறுநீரகம் கொடுத்தவர் மனம் மாறித் திருப்பிக் கேட்க முடியாது. மூளைக்குள் வைத்த கருவியை மட்டும் எப்படிக் கேட்க முடிகிறது? சிலி 2021-ல் மூளைச் செயல்பாட்டையும் அதிலிருந்து பெறும் தகவலையும் அரசியலமைப்பின் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. நல்ல தொடக்கம்தான், ஆனால் கருவியே பறிபோனால் என்ன செய்வது என்பதற்கு அதில் நேரடியான விடை இல்லை.

நிறுவனத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பராமரிக்க ஆளில்லாத கருவியைத் தலைக்குள் விட்டுவைப்பது ஆபத்து. அதனால்தான் பராமரிப்புக்கான பணத்தை முதல் அறுவைசிகிச்சைக்கு முன்பே தனியாக ஒதுக்கி வைக்கச் சொல்கிறேன். அது இல்லாத சோதனைக்கு நெறிமுறைக் குழு அனுமதி தரக்கூடாது.