கனெக்டிங் ஃப்ளைட்டுக்கு நடுவில் எவ்வளவு நேரம் விடலாம்? கேள்விகளும் பதில்களும்

டிக்கெட் போட்டுத் தருவதுதான் என் வேலை. "நடுவில் எத்தனை மணி நேரம் விடலாம்?" என்று கேட்காதவர்கள் குறைவு. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அடுத்த விமானத்தை விட்டுவிட்டால் பொறுப்பு யாருடையது? கீழே வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு அதை வைத்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, 1 மணி 10 நிமிட இடைவெளியில் ஒரு டிக்கெட் காட்டுகிறது. இவ்வளவு குறைவாக எப்படி விற்கிறார்கள்? நம்பிப் போடலாமா?

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் எம்.சி.டி. என்போம். ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானங்களைச் சேர்த்து விற்கும்போது இடைவெளி அதற்குக் கீழே போகக் கூடாது. வியன்னாவில் 25 நிமிடம் வரைகூட உண்டு, ஃப்ராங்ஃபர்ட்டில் பொதுவாக 45. டெர்மினல் மாறினால், உள்நாட்டிலிருந்து வெளிநாட்டுக்கு மாறினால், ஒரே நிலையத்திலேயே இந்த நேரமும் மாறும்.

எல்லாம் சொன்னபடி நடந்தால் போய்ச் சேரலாம் என்பதற்கான கணக்கு இது. உங்கள் டிக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். 10 மணிக்கு வந்து 11.10-க்குக் கிளம்ப வேண்டும். பெரிய விமானத்தில் 35-ஆவது வரிசையில் உட்கார்ந்திருந்தால் வெளியே வரவே 15, 20 நிமிடம் ஆகும். கேட்டில் நிறுத்தாமல் தூரத்தில் நிறுத்தி பஸ்ஸில் கூட்டிப் போனால் இன்னும் 10 நிமிடம். பல நிலையங்களில் ட்ரான்சிட் பயணிக்கும் திரும்பப் பாதுகாப்புச் சோதனை உண்டு, அதற்கு ஒரு 15. இப்போதே மணி 10.45. 11.10 என்பது விமானம் நகரும் நேரம். கேட்டை அதற்கு 15, 20 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். ஆக, நடப்பதற்கு உங்கள் கையில் இருப்பது 5 முதல் 10 நிமிடம். முதல் விமானம் 20 நிமிடம் தாமதமானால் கதை முடிந்தது.

ஒரே டிக்கெட்டாக இருந்து, அதே ஊருக்கு அன்றைக்கே இன்னும் இரண்டு மூன்று விமானங்கள் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். தவறினாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவார்கள். நீங்கள் பிடிக்க வேண்டியது அன்றைய கடைசி விமானம் என்றால் நான் போட்டுத் தர மாட்டேன்.

சுற்றி வளைக்காமல் ஒரு கணக்கு சொல்லுங்கள் மேடம்.

சரி. ஒரே டிக்கெட், உள்நாட்டிலிருந்து உள்நாடு என்றால் ஒன்றரை மணி நேரம். வெளிநாட்டிலிருந்து வெளிநாடு, வெளியே போக வேண்டாம் என்றால் 2 முதல் 3 மணி நேரம். நடுவில் இமிகிரேஷன் முடித்து, பெட்டியை எடுத்துத் திரும்பப் போட வேண்டும் என்றால் 3 முதல் 4. தனித்தனி டிக்கெட் என்றால் 6 மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள், தூரப் பயணமானால் ஓர் இரவு தங்கிவிடுவதே நல்லது. இது என் கணக்கு, இதைவிடக் குறைத்துப் போய் வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

தனித்தனியாகப் போட்டால் நிறையவே மிச்சமாகிறது. நடுவில் 3 மணி நேரம் இருக்கிறது. இதில் என்ன பிரச்சினை?

இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் இன்னொரு விமானத்தில் வந்துகொண்டிருப்பதே தெரியாது. வீட்டிலிருந்து கிளம்பி வரும் பயணியாகத்தான் உங்களைப் பார்ப்பார்கள். முதல் விமானம் தாமதமாகி நீங்கள் வரவில்லையென்றால் நோ-ஷோ, அதாவது வராத பயணி, என்று போட்டுவிடுவார்கள். போக வர ஒன்றாக எடுத்த டிக்கெட்டானால், பெரும்பாலும் திரும்பி வரும் பயணமும் அதோடு ரத்தாகிவிடும். பலருக்கு இது தெரியாமல், திரும்பும் நாளில் கவுண்ட்டருக்கு முன்னால் போய் நிற்கிறார்கள்.

உங்கள் 3 மணி நேரமும் முழுதாகக் கிடைக்காது. வெளிநாட்டு விமானத்துக்கு செக்-இன் கவுண்ட்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். மிச்சம் 2 மணி. அதற்குள் இறங்கி, இமிகிரேஷன் வரிசையில் நின்று, பெட்டி வரும் வரை காத்திருந்து, கஸ்டம்ஸ் தாண்டி, புறப்பாட்டுத் தளத்துக்கு ஏறி, திரும்ப வரிசையில் நின்று பெட்டியைப் போட வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் விசா. பெட்டியை எடுக்க வேண்டுமானால் அந்த நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். அதற்கு விசா தேவைப்பட்டு, உங்களிடம் இல்லையென்றால், கிளம்பும் ஊரிலேயே போர்டிங் பாஸ் தர மறுத்துவிடுவார்கள். கைப்பை மட்டும் கொண்டு போய், இரண்டாவது போர்டிங் பாஸையும் முன்பே எடுத்து வைத்திருந்தால் பாதித் தலைவலி குறையும்.

டிக்கெட் தேடும் தளங்களில் 'செல்ஃப் ட்ரான்ஸ்ஃபர்' என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தால் அதுவும் இந்த வகைதான். ஒரே பக்கத்தில், ஒரே தொகையாகப் பணம் கட்டினாலும் அது ஒரே டிக்கெட் ஆகிவிடாது. மிச்சமாகும் பணத்தையும், அன்றைக்கே புது டிக்கெட் எடுக்க வேண்டி வந்தால் ஆகும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

என் பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கவுண்ட்டரில் பெட்டியின் கைப்பிடியில் ஒரு நீளமான காகிதப் பட்டையைச் சுற்றி ஒட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். அதில் பெரிய எழுத்தில் மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். அதுதான் பெட்டி போய் இறங்கும் விமான நிலையத்தின் குறியீடு. நீங்கள் இறங்கப்போகும் கடைசி ஊரின் குறியீடாக அது இருக்க வேண்டும். நடுவில் மாறும் ஊரின் எழுத்துகள் பெரிதாக இருந்தால் பெட்டி அங்கேயே இறங்கிவிடும். பட்டையை ஒட்டியதும், பெட்டி பெல்ட்டில் நகர்வதற்கு முன் பார்த்துவிடுங்கள். உங்களுக்குத் தரும் சின்னத் துண்டிலும் அதே குறியீடு இருக்கும், அதைப் பயணம் முடியும் வரை பத்திரமாக வையுங்கள்.

அமெரிக்காவில் இறங்கி, அங்கிருந்து இன்னோர் அமெரிக்க ஊருக்குப் போகிறேன். 1 மணி 40 நிமிடம் போதுமா அக்கா?

எனக்குப் போதாது என்றுதான் தோன்றுகிறது. அமெரிக்காவில் முதலில் கால் வைக்கும் விமான நிலையத்திலேயே இமிகிரேஷன் முடிக்க வேண்டும். பெட்டியில் கடைசி ஊரின் குறியீடு இருந்தாலும், பெரும்பாலும் அதை அங்கே எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டித் திரும்ப ஒப்படைக்க வேண்டியிருக்கும். அப்புறம் மறுபடி பாதுகாப்புச் சோதனை. ஒரே நேரத்தில் நாலைந்து பெரிய விமானங்கள் வந்து இறங்கினால் இமிகிரேஷன் வரிசை மட்டுமே ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். 3 மணி நேரம் வையுங்கள்.

டப்ளின், அபுதாபி, டொரண்டோ மாதிரி சில இடங்களில் அமெரிக்க இமிகிரேஷனை விமானம் ஏறும் முன்பே முடித்துவிடலாம். அங்கிருந்து வந்தால் உள்நாட்டுப் பயணி மாதிரி இறங்கிப் போகலாம். ஆனால் அந்த வேலைக்கான நேரத்தை அங்கே விட வேண்டும். இன்னொன்று, அமெரிக்கா வழியாக மூன்றாவது நாட்டுக்குப் போகிறவர்களும் விசாவோ உரிய முன் அனுமதியோ வைத்திருக்க வேண்டும்.

பாரிஸில் மாறி ரோம் போகிறேன். இமிகிரேஷன் எங்கே?

பாரிஸில். தங்களுக்குள் எல்லைச் சோதனை வைத்துக்கொள்ளாத ஐரோப்பிய நாடுகளை ஷெங்கன் நாடுகள் என்பார்கள், அவற்றில் முதலில் நுழையும் இடத்தில்தான் பாஸ்போர்ட் சோதனை. பெட்டி ரோமுக்கே போய்விடும். 2025 அக்டோபர் 12 முதல், ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத பயணிகளின் முகப்படம், கைரேகை பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டு வந்திருக்கிறார்கள். முதல் முறை பதிகிறவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். இரண்டரை மணி நேரத்துக்குக் குறைக்காதீர்கள்.

பாரிஸ் என்றதும் ஒரு விஷயம். சார்ல்ஸ் த கோல், ஓர்லி என்று அங்கே தனித்தனி விமான நிலையங்கள். லண்டனில் ஹீத்ரோ, கேட்விக். டோக்கியோவில் நரிட்டா, ஹனேடா. ஊர் பெயரை மட்டும் பார்த்துப் போட்டுவிடாதீர்கள், வந்து இறங்கும் குறியீடும் புறப்படும் குறியீடும் ஒன்றா என்று பாருங்கள். ஹீத்ரோவிலிருந்து கேட்விக் போக சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும், விசாவும் பார்க்க வேண்டும்.

அப்பா அம்மா தனியாக வருகிறார்கள். எழுபதைத் தாண்டியவர்கள், அம்மாவால் அதிக தூரம் நடக்க முடியாது.

தம்பி, இவர்களுக்கு 3 மணி நேரம், ஒரே டிக்கெட். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். வீல்சேர் வேண்டும் என்று 48 மணி நேரத்துக்கு முன்பே நிறுவனத்திடம் சொல்லி, இரண்டு விமானத்துக்கும் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வீல்சேர் பயணிகளைப் பெரும்பாலும் எல்லோரும் இறங்கிய பிறகுதான் இறக்குவார்கள், அதிலேயே அரை மணி நேரம் போகும். டெர்மினல் மாற வேண்டிய இணைப்பைத் தவிருங்கள். அம்மாவுக்கு மட்டும் வீல்சேர் என்றாலும் அப்பாவும் கூடவே போகலாம், அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். விமான எண்கள், பி.என்.ஆர். என்கிற முன்பதிவுக் குறியீடு, உங்கள் தொலைபேசி எண் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி அம்மா கையில் கொடுங்கள். போன் சார்ஜ் தீர்ந்தாலும் தாள் இருக்கும்.

டிக்கெட் எடுக்கும்போது இடைவெளி இரண்டரை மணி. இப்போது நேரத்தை மாற்றி 55 நிமிடம் ஆக்கிவிட்டார்கள். ஒப்புக்கொள்ளச் சொல்லி மெயில் வந்திருக்கிறது.

அந்தப் பொத்தானை இப்போது அழுத்தாதீர்கள். நேரத்தை மாற்றியது அவர்கள், அதனால் வேறு விமானத்துக்குக் கட்டணமில்லாமல் மாற்றித் தரக் கேளுங்கள், பொதுவாகத் தருவார்கள். போன் செய்யும் முன் அதே நிறுவனத்தில் உங்களுக்குத் தோதான விமானத்தின் எண், நேரம் இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். "ஏதாவது பார்த்துக் கொடுங்கள்" என்பதைவிட "இந்த எண்ணில் போடுங்கள்" என்றால் வேலை சட்டென்று முடியும்.

ஒரே டிக்கெட்டில் போகும்போது இணைப்பு தவறிவிட்டது. அங்கே என்ன செய்ய வேண்டும்?

முதல் விமானம் தாமதம் என்று தெரிந்ததும் பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள், முன்னால் இறங்க விடுவார்கள். தவறிவிட்டால் உதவி மேசை வரிசையில் நின்றுகொண்டே நிறுவனத்தின் ஆப்பையும் பாருங்கள், பல நேரம் புது போர்டிங் பாஸ் அதிலேயே வந்திருக்கும். அவசரப்பட்டு உங்கள் காசில் வேறு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள், எடுத்தால் மிச்சப் பயணம் ரத்தாகலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் பயணமோ, ஒன்றியத்து நிறுவனத்தில் அங்கே போகும் பயணமோ என்றால் பயணிகளுக்கு இழப்பீடு தரச் சொல்லும் ஒன்றியத்தின் 261/2004 விதி பொருந்தும். கடைசி ஊருக்கு 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை கேட்கலாம். மோசமான வானிலை போன்ற காரணம் என்றால் பணம் கிடைக்காது. சாப்பாடும், இரவு தங்க வேண்டி வந்தால் அறையும் அப்போதும் அவர்கள் பொறுப்புதான்.

14 மணி நேர இடைவெளி. ஊர் சுற்றலாமா?

விசா இருந்தால் சுற்றலாம். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் எல்லோரும் படம் எடுக்கும் ஜுவல் அருவிகூட இமிகிரேஷனுக்கு வெளியேதான் இருக்கிறது. இடைவெளி 24 மணி நேரத்தைத் தாண்டினால் அது ஸ்டாப்ஓவர், அதாவது வழியில் தங்கிப் போகும் பயணம், என்ற கணக்கில் போய்க் கட்டணம் மாறலாம்.

காலை இணைப்பா, மாலை இணைப்பா, எதை எடுக்கட்டும்?

காலை. ஒரே விமானம் ஒரு நாளில் பல ஊர்களுக்குப் போய் வரும், எங்காவது ஓரிடத்தில் தாமதமானால் அது மாலை வரை கூடிக்கொண்டே போகும். காலை முதல் விமானம் பெரும்பாலும் முந்தைய இரவே வந்து நிற்கும். பனிக் காலத்தில் குளிர் நாடுகள் வழியாகப் போகிறீர்கள் என்றால், இறக்கையில் படிந்த பனியை நீக்கவே விமானங்கள் வரிசையில் நிற்கும், அதற்கு நான் சொன்ன எல்லாக் கணக்கிலும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.