விமானத்துக்குள் இருப்பதும் ஊட்டிக் காற்றுதான்

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊட்டியில் எங்களோடு இருக்கிறார். சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். ஊட்டியில் கருவியை விரலில் மாட்டிப் பார்த்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் 92, 93 சதவீதம் காட்டும். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி அடுத்த மாதம் அவரை அழைத்துப்போக டிக்கெட் எடுக்கப் போகிறான். விமானம் எவரெஸ்டைவிட உயரத்தில் பறக்கும், இந்த நுரையீரல் தாங்காது, அவ்வளவு உயரம் போகிறவர்கள் தனி உடை போட்டுத்தான் போவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார். டிராவல்ஸ்காரர் மருத்துவச் சான்றிதழும் கையடக்க ஆக்சிஜன் கேனும் சேர்த்து 6,500 ரூபாய்க்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? மூன்று வாரத்துக்கு முன் கோவையில் அப்பாவுக்கு விழித்திரை ஆபரேஷன் நடந்தது. இப்போது மேட்டுப்பாளையத்தில் அத்தை வீட்டில் இருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை மேலே கூட்டி வருகிறோம்.

பதில்: முதலில் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை நிறுத்துங்கள். ஆபரேஷன் செய்த கண் டாக்டருக்கு இன்றே போன் செய்து, "அப்பாவின் கண்ணுக்குள் கேஸ் வைத்தீர்களா, எண்ணெய் வைத்தீர்களா? நாங்கள் ஊட்டிக்காரர்கள், மேலே கூட்டிப் போகலாமா?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை அவர் அத்தை வீட்டிலேயே இருக்கட்டும். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த வரிதான் என்னைக் கவலைப்பட வைத்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

நுரையீரல் விஷயத்தில் பயப்பட வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன உயரம் பொய்யில்லை. சிங்கப்பூர் விமானம் 35,000 அடியை ஒட்டியோ அதற்கு மேலோ போகும். எவரெஸ்ட் 29,032 அடிதான். அந்த உயரத்தில் வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம், கடற்கரையில் இருப்பதில் கால் பங்குகூட இல்லை. அந்தக் காற்றைச் சுவாசித்தால் ஆரோக்கியமான இளைஞனுக்கே ஒரு நிமிடத்துக்குள் புத்தி தடுமாறிவிடும். ஆனால் பயணிகள் அதைச் சுவாசிப்பதில்லை. வெளிக்காற்றை அழுத்தி உள்ளே செலுத்திக்கொண்டே இருக்கிறார்கள். விமானம் எவ்வளவு மேலே போனாலும், உள்ளே இருக்கும் அழுத்தம் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதைவிடக் குறையாதபடிதான் பயணிகள் விமானத்தை வடிவமைக்கிறார்கள். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய பெரிய விமானங்களில் இது 6,000 அடி அளவிலேயே நின்றுவிடும்.

இப்போது நம் ஊர்க் கணக்கைப் பாருங்கள். குன்னூர் சுமார் 6,000 அடி. ஊட்டி சுமார் 7,350 அடி. தொட்டபெட்டா உச்சி 8,650 அடி. அதாவது, சிங்கப்பூர் போகும் அந்த நாலரை மணி நேரமும் உங்கள் அப்பா இருக்கப்போவது குன்னூருக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவில் எங்கோ ஓர் இடத்தில். வீட்டு வாசலில் வெயில் காய்ந்தபடி அவர் வருடக்கணக்காகச் சுவாசிக்கும் காற்றும் அதே மாதிரிதான். சென்னையில் இருக்கும் நுரையீரல் நோயாளிக்கு, இந்த அழுத்தத்தைத் தாங்குவாரா என்று பார்க்க ஆக்சிஜன் குறைந்த காற்றைக் கொடுத்துத் தனியாகப் பரிசோதனை செய்கிறார்கள். உங்கள் அப்பா அந்தப் பரிசோதனையைத் தினமும் வீட்டிலேயே செய்துகொண்டிருக்கிறார். ஊட்டியில் 92, 93 என்றால் விமானத்திலும் ஏறக்குறைய அதே அளவு இருக்கும், கொஞ்சம் குறையலாம். உட்கார்ந்து போவதற்கு அது போதும்.

தனி உடை கதையும் பாதி உண்மைதான். உளவு பார்க்கும் யு-2 விமானம் 70,000 அடிக்கு மேல் பறக்கும். அதன் விமானி அழுத்த உடை போட்டிருப்பார். 1963 ஆகஸ்ட் 22 அன்று எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தில் ஜோ வாக்கர் கிட்டத்தட்ட 108 கிலோமீட்டர் உயரம் போனார்; அவரும் அப்படித்தான். ஏறக்குறைய 63,000 அடிக்கு மேல் வெளிக்காற்றின் அழுத்தம் மிகவும் குறைந்துவிடுவதால், உடம்புச் சூட்டிலேயே தண்ணீர் கொதிக்கும். விமானி அறையில் ஓட்டை விழுந்தாலும் உயிர் தப்ப வேண்டும் என்பதற்காகத்தான் அந்த உடை. ஆனால் கான்கார்ட் விமானத்தை நினைத்துப் பாருங்கள். 1976 முதல் 2003 வரை சாதாரணப் பயணிகளை 60,000 அடி வரை ஏற்றிப்போனது. கோட்டு சூட்டு போட்டவர்களும் பட்டுப்புடவை கட்டியவர்களும் அதில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு போனார்கள். உள்ளே அழுத்தம் 6,000 அடி அளவு, அதாவது நம் குன்னூர். 2005 நவம்பர் 26 அன்று மும்பையிலிருந்து வெப்பக்காற்று பலூனில் கிளம்பி 21 கிலோமீட்டர் உயரம் தொட்ட விஜய்பத் சிங்கானியாவும் அழுத்தம் ஏற்றிய மூடிய கூண்டுக்குள்தான் இருந்தார். வெளியே எத்தனை அடி என்பது உடம்புக்குத் தெரியாது. உள்ளே எத்தனை அடி என்பதுதான் தெரியும்.

ஆக்சிஜன் அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஊட்டிக் குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் கருவி தப்பாகக் குறைத்துக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பாருங்கள். இப்போது மேட்டுப்பாளையத்தில் 96 காட்டினால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது கீழ்க்காற்றின் எண். ஊட்டியில் உட்கார்ந்திருக்கும்போதே 90-க்குக் கீழ் இறங்கினாலோ, கழிப்பறை வரை நடப்பதற்குள் மூச்சு வாங்கி நின்றாலோ, சமீபத்தில் சளி அதிகமாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாலோ மட்டும் நெஞ்சக மருத்துவரைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். இன்ஹேலர் கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு நடுவானில் தேடுகிறவர்கள் நிறைய.

அடுத்து டிராவல்ஸ்காரர். அந்த 6,500 ரூபாயில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சுற்றுலாப் பயணிகளிடம் விற்கிற ஆக்சிஜன் கேன், அழுத்தி அடைத்த வாயு. அதைக் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் வைக்க முடியாது. பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். எடுக்காவிட்டாலும் பயனில்லை, சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். உண்மையிலேயே ஆக்சிஜன் தேவைப்படுகிறவருக்கு இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, விமான நிறுவனமே ஏற்பாடு செய்யும் ஆக்சிஜன். இன்னொன்று, பேட்டரியில் ஓடும் அனுமதி பெற்ற ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், அதாவது சுற்றியுள்ள காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி. இரண்டுக்கும் பயணத்துக்குச் சில நாள் முன்பே டாக்டர் நிரப்பிய படிவத்தோடு சொல்லியாக வேண்டும். உங்கள் அப்பாவுக்கு இப்போதைக்கு இரண்டும் தேவையில்லை.

சான்றிதழ் இதைவிட மோசம். நோயாளியைப் பார்க்காமலே 'பயணத்துக்குத் தகுதியானவர்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகர்களும் இருக்கிறார்கள். அப்படி வந்த காகிதங்களை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு எல்லாம் அழகாக எழுதியிருக்கும். 'சமீபத்தில் அறுவை சிகிச்சை நடந்ததா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று இருக்கும். கேட்டால், "அதை எழுதினால் இழுத்தடிப்பார்கள் சார்" என்பார்கள். உங்கள் அப்பாவின் காகிதத்திலும் அந்த 'இல்லை' விழுந்தால் அவர் கண்ணே போய்விடலாம். அதுவும் போக, உடம்பு விஷயத்தை மறைத்தது தெரிந்தால் பயணக் காப்பீடும் கை கொடுக்காது.

தரகர்கள் பிழைக்க வழிசெய்து கொடுப்பது யார்? படிவம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. உதவி எண்ணில் கூப்பிட்டால் ஒருவர் வேண்டாம் என்பார், இன்னொருவர் கட்டாயம் என்பார். பயணத்துக்கு முந்தைய சில நாட்களுக்குள் போட்ட கையெழுத்துதான் செல்லும் என்று வேறு சொல்வார்கள். மலையிலிருக்கும் எழுபது வயது மனிதர் ஒரு கையெழுத்துக்காக எத்தனை முறை கோவைக்கு இறங்கி ஏறுவார்? தெளிவான தமிழில் ஒரே ஒரு பக்கம், எல்லா நிறுவனத்துக்கும் பொதுவாக, உள்ளூர் மருத்துவரே நிரப்பும்படி வைத்தால் இந்தக் கடையெல்லாம் ஒரே நாளில் மூடும். செய்ய மாட்டேன் என்கிறார்கள்.

சரி, கண்ணுக்கு வருவோம்.

விழித்திரை கிழிந்தோ பிரிந்தோ இருந்தால், ஆபரேஷன் முடிவில் அதை ஒட்டிப் பிடித்து வைக்கக் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விடுவார்கள். சாதாரணக் காற்றாக இருந்தால் ஒரு வாரத்தில் கரைந்துவிடும். எஸ்.எஃப்.6 என்ற வாயு இரண்டு, மூன்று வாரம் நிற்கும். சி3எஃப்8 என்ற வாயு ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் நிற்கும். உங்கள் அப்பாவுக்கு மூன்று வாரம்தான் ஆகிறது.

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டி வந்து சேரும்போது உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குள் இருக்கும் குமிழிக்கும் அதேதான் நடக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வருவதற்குள் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், அடைபட்ட வாயுவின் கன அளவு கால் பங்கு கூடும். பாக்கெட்டாவது உப்பும், கண் உப்ப முடியாது. அதனால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். பர்லியாறு தாண்டும்போது லேசான வலி, குன்னூருக்குள் குமட்டலும் மங்கலும் என்று ஆரம்பிக்கலாம். அழுத்தம் மிகவும் கூடினால் விழித்திரைக்குப் போகும் ரத்தம் நின்றுவிடும். அப்படி நின்ற பார்வை திரும்புவது கடினம். வழியில் வலி வந்தால் மேலே வந்து மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கவே கூடாது. வண்டியைத் திருப்பிக் கீழே இறங்க வேண்டும்.

நுரையீரலுக்கு எந்த உயரம் நல்ல செய்தியோ, கண்ணுக்கு அதே உயரம் கெட்ட செய்தி. விமானத்துக்குள்ளும் அழுத்தம் ஊட்டி அளவுக்குக் குறையும். காரில் இரண்டு மணி நேரத்தில் ஏறுவதை விமானம் அரை மணி நேரத்துக்குள் ஏற்றிவிடும்.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் காகிதத்தில் விமானப் பயணம் கூடாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பார்கள். மலை ஏறக் கூடாது என்று இருக்காது. கோவையில் ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களில் எத்தனை பேர் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்காரர்கள்? மதுரைக்கு இறங்குகிறவர்களில் எத்தனை பேர் கொடைக்கானல்காரர்கள்? விமானத்தையே பார்க்காதவர் அந்த வரியைப் படித்து, நமக்கில்லை என்று பஸ் ஏறிவிடுகிறார். நோயாளியின் முகவரியைப் பார்த்து ஒரு வரி சேர்த்து எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

வாயுவுக்குப் பதிலாகக் கண்ணுக்குள் வைத்தது சிலிக்கோன் எண்ணெய் என்றால் இந்தக் கவலை இல்லை, எண்ணெய் விரியாது. சாதாரணக் கண்புரை ஆபரேஷனில் வாயு வைப்பதில்லை. அதைச் செய்துகொண்ட உறவினர்கள் யாரும் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். வாயு என்றால், அது முழுக்கக் கரைந்தது என்று டாக்டர் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். குமிழி இருக்கும்வரை பார்வையில் தண்ணீர் மட்டம் மாதிரி ஒரு கோடு ஆடும். அந்தக் கோடு மறைந்துவிட்டது என்று அப்பாவே சொன்னாலும், அதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். இந்த இடைவெளியில் பல்லுக்கோ வேறெதற்கோ மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், கண்ணில் வாயு இருக்கிறது என்று முதல் வேலையாகச் சொல்லிவிடுங்கள். நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுவும் குமிழியைப் பெரிதாக்கும்.

தம்பியிடம் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். கண் டாக்டர் 'வாயு இல்லை, உயரமான இடத்துக்கும் விமானத்திலும் போகலாம்' என்று தேதி போட்டு எழுதிக் கொடுத்த பிறகு டிக்கெட் எடுக்கட்டும். சலுகை போய்விடும் என்று இப்போதே எடுப்பதானால், தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக இருக்கட்டும். அதுவரை அப்பாவின் ஸ்வெட்டரையும் இன்ஹேலரையும் யாரிடமாவது கொடுத்து மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பி வையுங்கள்.