கனவும் ஊசியின் காதும்

அன்புள்ள ஐயா,

நான் மென்பொருள் பொறியாளர். கல்லூரி நாட்களில், எதிர்காலச் சமூகம் எப்படி இருக்கும் என்று ஒரு குறிப்பேடு நிறைய எழுதி வைத்திருந்தேன்: தானே ஓடும் வண்டிகள், மொழிகளை நொடியில் பெயர்க்கும் கருவி, நோயை முன்கூட்டியே சொல்லும் இயந்திரம். அவற்றில் பாதி வந்துவிட்டன. சமூகம் மட்டும் வரவில்லை. இப்போது ஒரு மருத்துவமனைக்கு முன்பதிவுச் செயலி எழுதித் தருகிறேன். செயலி வந்த பிறகு, ஸ்மார்ட்போன் இல்லாதவர்களின் வரிசை முன்பைவிட மெதுவாக நகர்கிறது. தொழில்நுட்பத்தால் நல்ல சமூகத்தைக் கட்டலாம் என்பது வெறும் ஏமாளித்தனம்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

‘சமூகம் மட்டும் வரவில்லை’ என்ற வரியில் வெகுநேரம் நின்றுவிட்டேன். உங்கள் குறிப்பேட்டில் இருந்தவை கருவிகள். எந்தக் கருவி வரப்போகிறது என்று ஊகிப்பது ஏறக்குறைய ஜோதிடம். என் தலைமுறையும் அதைத்தான் கனவு என்று நம்பிக்கொண்டிருந்தது. எந்தத் துன்பம் இனி யாருக்கும் நேரக் கூடாது என்று தீர்மானித்துவிட்டு, அதற்கு என்னென்ன குறைகின்றன என்று எண்ணத் தொடங்குவது முற்றிலும் வேறு வேலை.

அந்த வேலை எப்படி நடக்கும் என்பதற்குப் பெரியம்மை ஒழிப்பைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. பசு அம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் என்று எட்வர்டு ஜென்னர் சோதித்துக் காட்டியது 1796-இல். இம்முறையின் இறுதி விளைவு அந்நோயின் முழு அழிவாகவே இருக்கும் என்று அவர் எழுதியது 1801-இல். கனவும் கருவியும் அன்றே கைவசம் இருந்தன. ஆனால் உலக சுகாதார நிறுவனம் நோய் ஒழிந்தது என்று அறிவித்தது 1980 மே மாதத்தில். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடி உயிர்களை அது கொண்டுபோனதாக மதிப்பிடுகிறார்கள்.

இடைப்பட்ட காலத்தில் குறையாக இருந்தவை மிகச் சாதாரணமானவை. திரவ மருந்து வெப்பத்தில் விரைவில் கெட்டுவிடும். ஆகவே குளிர்பதன வசதி முடியும் இடத்தில் தடுப்பூசியும் முடிந்துவிடும். 1950-களில் பிரிட்டிஷ் விஞ்ஞானி லெஸ்லி காலியர் செம்மைப்படுத்திய உறைய வைத்து உலர்த்தும் முறையால், 37 டிகிரி வெப்பத்திலும் மருந்து ஒரு மாதத்துக்கு மேல் தாங்கியது. அடுத்தது ஊசி. 1960-களில் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் பெஞ்சமின் ரூபின் தையல் இயந்திர ஊசியின் காதைத் தேய்த்து, இரு பற்கள் கொண்ட சிறு கவை போல ஆக்கினார். அதை மருந்தில் தோய்த்து எடுத்தால், தேவையான ஒரு துளி அந்தப் பற்களுக்கு நடுவே தங்கி நிற்கும். தோலில் ஒரே இடத்தில் 15 முறை விரைவாகக் குத்தினால் போதும். முன்பு தேவைப்பட்டதில் கால் பங்கு மருந்தே செலவாயிற்று. கொதிக்க வைத்து மீண்டும் பயன்படுத்தலாம். மருத்துவர் அல்லாதவரும் சிறிது நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். காப்புரிமை வைத்திருந்த வையத் மருந்து நிறுவனம், ஒழிப்புத் திட்டத்துக்கு உரிமத்தொகை வாங்காமல் விட்டுக்கொடுத்தது.

இத்தனைக்குப் பிறகும் மருந்து தானாக நடந்து போகவில்லை. அம்மை கண்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, ‘இப்படி யாருக்காவது இருக்கிறதா?’ என்று வீடு வீடாகக் கேட்டுச் சென்ற ஊழியர்களால்தான், நோயாளியைக் கண்டறிந்து அவரைச் சுற்றியுள்ளவர்களுக்கு ஊசி போடும் முறை பலித்தது. அந்த அட்டையையும் நான் தொழில்நுட்பம் என்றே சொல்வேன்.

இதை நான் புனிதக் கதையாக்கவில்லை. உலகளாவிய ஒழிப்புக்கு 1958-இல் குரல் கொடுத்தவர் சோவியத் ஒன்றியத்தின் விக்டர் ஜ்தானோவ். பின்னாளில் அதே நாடு பெரியம்மைக் கிருமியை ஆயுதமாக்கவும் ஆராய்ச்சி நடத்தியது. ஆகவே உங்கள் சந்தேகத்துக்கு இடமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஊசியின் வடிவம், உரிமத்தொகை, அட்டையை யார் சுமப்பது ஆகிய ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவுகளை வேறு விதமாக எடுத்திருந்தால், அதே மருந்து வசதியுள்ளவர்களின் காவலாக மட்டும் நின்றிருக்கும்.

உங்கள் துறையிலும் இது நடந்ததுதான். 1993-இன் தொடக்கத்தில், அன்று பரவலாக இருந்த கோஃபர் என்ற தகவல் அமைப்புக்குச் சில பயனர்களிடம் உரிமக் கட்டணம் கேட்கப்போவதாக மின்னசோட்டா பல்கலைக்கழகம் அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று செர்ன் ஆய்வகம் வைய விரிவு வலையின் (www) நிரலை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று எழுதிக் கொடுத்தது. எது நிலைத்தது என்பது உங்களுக்கே தெரியும். திறந்து விட்ட அந்த வலைக்குள்ளும் பிறகு வேலிகள் முளைத்தன என்பதும் தெரியும்.

உங்கள் செயலிக்கு வருகிறேன். வரிசை மெதுவானதற்குக் காரணம், முன்பதிவு இடங்கள் அனைத்தையும் அது விழுங்கிவிடுவதாக இருக்கலாம். அப்படியானால் நேரில் வருபவர்களுக்கென ஒரு பங்கை ஒதுக்குவது சில வரி நிரல்தான், ஆனால் அதற்கு நிர்வாகத்தோடு நீங்கள் வாதாட வேண்டியிருக்கும். காரணம் வேறாகவும் இருக்கலாம். அலுவலகத் திரையிலிருந்து அது தெரியாது. ஒருநாள் காலை அந்த வரிசையின் கடைசி ஆளுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். அவர் எப்போது வந்தார், யாரிடம் கேட்டார், எந்த இடத்தில் திருப்பி அனுப்பப்பட்டார் என்பதையெல்லாம் உங்கள் பழைய குறிப்பேட்டிலேயே எழுதிக்கொண்டு வந்து, எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.