காசியும் காசிஸும்

அன்புள்ள ஐயா,

தென் பிரான்ஸின் மார்சேய் நகரத்து மீன் சூப்புடன் ‘காசிஸ்’ ஒயின் குடித்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பாரிஸிலிருந்து வந்த மருமகனிடம் சொல்லி ஒரு பாட்டில் வரவழைத்தேன். கருஞ்சிவப்பாக, இருமல் மருந்து போலத் தித்திக்கிறது. வறுத்த மீனுடன் ஒரு வாய்கூட இறங்கவில்லை. இணையத்தில் தேடினால் அது வெள்ளை ஒயின், மூன்று நான்கு திராட்சைகளைக் கலந்து செய்வது என்கிறார்கள். ஒரே திராட்சையில் செய்வதுதானே நல்ல ஒயின்? கலப்படத்துக்கா இவ்வளவு பேச்சு?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

தவறு என்னுடையது. அந்த ஒயினின் பெயர் அது விளையும் ஊரின் பெயர்; ஊர்க்காரர்கள் கடைசி எழுத்தை விழுங்கி ‘காசி’ என்றுதான் சொல்வார்கள். (கங்கைக்கரைக் காசி இல்லை, மார்சேய்க்குக் கிழக்கே இருக்கும் சின்ன மீன்பிடித் துறைமுகம்.) ‘காசிஸ்’ என்று முழுதாகச் சொன்னால் அது கருந்திராட்சை போன்ற ஒரு புளிப்புப் பழம். உங்கள் மருமகன் வாங்கி வந்தது அந்தப் பழத்தில் செய்யும் இனிப்பு மது, ‘க்ரெம் த காசிஸ்’. வடக்கே திஜோன் நகரத்துச் சரக்கு. இரண்டையும் எழுதுவது ஒரே மாதிரிதான், ஆகவே கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது.

காசி ஊரில் விளைவது பெரும்பாலும் வெள்ளை ஒயின்தான். 1936இல் பிரான்ஸ் ஒயின்களின் ஊர்ப்பெயருக்கு ‘ஏ.ஓ.சி.’ என்ற சட்டப் பாதுகாப்பை (அந்த ஊரில் விளைந்ததற்கு மட்டுமே அந்தப் பெயர்) முதன்முதலாகக் கொடுத்தபோதே இந்த ஊரும் பட்டியலில் இருந்தது. கிட்டத்தட்ட 400 மீட்டர் உயரக் கடற்பாறையின் அடியில், சுண்ணாம்புக்கல் சரிவுகளில் தோட்டங்கள்.

இப்போது கலப்படம். அந்த வெயிலில் திராட்சைக்குச் சர்க்கரை தானாக ஏறிவிடும், நிற்காதது புளிப்புதான். மார்சான் என்ற திராட்சை கனத்தையும் பாதாம், தேன்மெழுகு வாசனையையும் கொடுக்கும், ஆனால் தனியாக விட்டால் மந்தமாக இருக்கும். கிளெரெத் பூவாசம் சேர்க்கும். ஊனி பிளாங் தனியாகக் குடித்தால் சப்பென்று இருக்கும், ஆனால் புளிப்பை விடாமல் பிடித்துவைத்திருக்கும். கோன்யாக் பிராந்தி காய்ச்சுகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கும். ஒன்றின் குறையை இன்னொன்று நிரப்புகிறது. சாம்பார்ப் பொடியை யாராவது கலப்படம் என்போமா?

அந்த மீன் சூப்பும், அதாவது புய்யாபேஸும், அப்படித்தான். 1980இல் மார்சேய் உணவகக்காரர்கள் கூடி எழுதிய சாசனப்படி குறைந்தது நான்கு வகை மீன் இருக்க வேண்டும்: முள் நிறைந்த ரஸ்காஸ், கடல் விலாங்கு, இப்படி. முதலில் குங்குமப்பூ நிறத்தில் சாறு தனியாக வரும். வறுத்த ரொட்டித் துண்டில் பச்சைப் பூண்டை அழுத்தித் தேய்த்து, ‘ரூய்’ என்ற பூண்டு மிளகாய் விழுதைத் தடவி, சாற்றில் மிதக்கவிட வேண்டும். அப்புறம்தான் மீன்.

நான் சாப்பிட்ட இடத்தில் பாட்டிலைப் பனிக்கட்டி வாளிக்குள் கழுத்தளவு புதைத்து வைத்திருந்தார்கள். முதல் வாயில் குளிர்ச்சியைத் தவிர எதுவும் தெரியவில்லை. வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன், பரிமாறியவருக்கு அது பிடிக்கவில்லை. கண்ணாடியில் கோத்திருந்த நீர்த்துளிகள் வழிந்து போன பிறகு ஊற்றினால் பாதாம் வந்துவிட்டது. 11, 12 டிகிரி குளிர்ச்சி போதும். பூண்டுக்கும் குங்குமப்பூவுக்கும் லேசான ஒயின் ஈடுகொடுக்காது, அங்கே மார்சானின் கனம் வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கை அறுக்க ஊனி பிளாங்கின் புளிப்பு வேண்டும். குளிர்காலத்தில் அதே கரையில் கடல் முள்ளெலியைப் பச்சையாகப் பிளந்து இதனுடன் சாப்பிடுவார்கள். ஆட்டுப்பால் சீஸுக்கும் சரியாக வரும். புளியும் காரமும் ஏறிய மீன் குழம்புக்கு மட்டும் வேண்டாம்: புளி ஒயினைச் சப்பென்று ஆக்கும், ஒயின் காரத்தைக் கிளப்பிவிடும்.

உங்களிடம் இருக்கும் பாட்டிலைக் கொட்டிவிடாதீர்கள். புளிப்பான, மலிவான வெள்ளை ஒயின் ஒரு கிளாஸில் அதை ஒன்றிரண்டு ஸ்பூன் விட்டால் ‘கீர்’. திஜோனின் மேயராக இருந்த பாதிரியார் பெலிக்ஸ் கீர் விருந்தினர்களுக்கு ஊற்றி ஊற்றியே அவர் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. சாப்பாட்டுக்கு முன்னால், வறுத்த முந்திரியோடு குடித்துப் பாருங்கள்.

அன்புடன்